தலைப்பு நான் வைக்கவில்லை

அழைக்காமலே துக்க வீட்டுக்குப் போய் நிற்கிற வேலைகள் இரண்டு: ஒன்று போலீஸ், மற்றது நிருபர், போலீஸுக்காவது ஒரு நாற்காலி எடுத்துப் போடுவார்கள்.

என் பெயர் பியூலா. வீடு சேலையூரில். அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், அம்மாவுக்கு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் மூன்று வருடம் இதழியல் படித்தேன். அதில் கடைசி ஆறு மாதம் பயிற்சி நிருபராக அலைந்தேன். அப்போது நடந்ததைத்தான் எழுதுகிறேன். நீங்களும் இதழியல் படித்தவராக இருந்தால், கல்யாண வீடுகளில் "டிவியில எப்போம்மா வருவே?" என்ற கேள்விக்குச் சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தவராக இருந்தால், யார் முகத்திலோ மைக்கை நீட்டிவிட்டு அன்றைக்குச் சோறு இறங்காமல் உட்கார்ந்தவராக இருந்தால், கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

மூன்று கைகள்

கடைசி செமஸ்டர் தொடங்கியதும் எங்கள் துறையில் வேலை வாய்ப்பு பற்றிப் பேச ஒரு விருந்தினரைக் கூப்பிட்டிருந்தார்கள். டிவியில் நாங்கள் அடிக்கடி பார்த்த முகம். மழை வெள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று பேசுவாரே, அந்த மாதிரி ஓர் அம்மா. துறைத் தலைவர் மைக்கைப் பிடித்து "முதுநிலைச் செய்தியாளர்" என்று அறிமுகம் செய்தார். அந்தம்மா எழுந்து மெதுவாக, "முன்னாள்னு சேர்த்துக்கோங்க சார். போன வெள்ளிக்கிழமையிலேர்ந்து" என்றார். துறைத் தலைவர் சிரித்தார். அது ஜோக் இல்லை என்று தெரிந்ததும் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

வேலை போனதைப் பற்றி அவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. எப்படிக் குறிப்பெடுப்பது, கலெக்டர் பேட்டியில் எங்கே நிற்பது, குழந்தைகளின் பெயரை எப்போது போடக் கூடாது என்று ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். முடிக்கும்போது, "இங்க எத்தனை பேர் நிருபர் ஆகப் போறீங்க?" என்று கேட்டார். வகுப்பில் பதினெட்டுப் பேர். விளம்பரக் கம்பெனி, கன்டென்ட் ரைட்டிங், அரசுத் தேர்வு என்று மற்றவர்கள் ஏற்கெனவே முடிவெடுத்திருந்தார்கள். மூன்று கைகள்தான் உயர்ந்தன. ஒன்று என்னுடையது. இன்னொன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தினேஷுடையது. முதல் வருடத்திலிருந்து நானும் அவனும் ஒரே பெஞ்ச். மூன்றாவது கை, நாங்கள் இருவரும் தூக்கியதைப் பார்த்துத் தயங்கி உயர்ந்தது.

அந்தம்மா எங்கள் மூவரையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "மூணு பேரும் வீட்ல சொல்லிட்டீங்களா?"

தண்ணீர் லாரி

எனக்குப் பயிற்சி கிடைத்த இடம் மேற்குத் தாம்பரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த செய்தி இணையதளம். யூடியூப் சேனலும் உண்டு. ஆசிரியர் ரவி சார், பேப்பரில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். செய்திகளைத் திருத்தித் தலைப்பு வைப்பவர் பிரியா அக்கா. கேமராவுக்கு சேகர் அண்ணா. சுவரில் ஒரு பெரிய திரை. எந்தச் செய்தியை இந்த நிமிடம் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று அதில் எண்கள் ஓடும். பேசும்போதுகூட எல்லோருடைய கண்ணும் அதில்தான் இருக்கும்.

என் முதல் செய்தி மேடவாக்கத்தில், ஐடி ஆட்கள் குடியிருக்கும் ஓர் அடுக்குமாடியில். போர்வெல் வற்றிவிட்டது, லாரித் தண்ணீர் போதவில்லை. சங்கத் தலைவர் ஏசி அறையில் உட்கார்ந்து கஷ்டத்தை விவரித்தார். வெளியே வரும்போது, நான்கு வீடுகளில் வேலை செய்யும் செல்வி என்ற அக்கா கேட் அருகே என்னை நிறுத்தினார். லாரித் தண்ணீர் வந்த நாளிலிருந்து வேலைக்காரப் பெண்கள் உள்ளே பாத்ரூம் போகக் கூடாது என்று சங்கம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறதாம். காலை ஏழு மணிக்கு வந்தால் மதியம் இரண்டு வரைக்கும் அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். "பேரு போட்டுக்கோ கண்ணு, எனுக்கு இன்னா பயம்?" என்றார். போட்டு எழுதினேன். அந்தக் கட்டடத்தைக் கட்டியவரின் விளம்பரம் எங்கள் தளத்தில் ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. செல்வி அக்கா பேசிய பத்தி மட்டும் காணாமல் போய், மீதி வந்தது. கீழே கொட்டை எழுத்தில் என் பெயர். அப்பா அதை மொபைலில் படம் பிடித்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார்.

அடுத்த வாரம் அந்த வழியாகப் போனபோது செல்வி அக்காவே ஓடி வந்தார். நான் முழுங்கி முழுங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "எங்க பேரு வர்லியா? சர்தான், உடு கண்ணு. உம்பேரு வந்துச்சா?"

சிரிக்கிற படம்

அது ஒரு திங்கட்கிழமை. முதல் நாள் குன்றத்தூர் முருகன் கோயிலுக்கு பைக்கில் போன இரண்டு பையன்கள், திரும்பும் வழியில் கல்குவாரிக் குட்டையில் குளிக்க இறங்கியிருக்கிறார்கள். ஒருவன் இறந்துவிட்டான். பெயர் விக்னேஷ், இருபது வயது. மறைமலை நகரில் கார் உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. வேங்கைவாசல் பக்கம் வீடு. "போட்டோ இல்லாம திரும்பி வராதே" என்று ரவி சார் அனுப்பினார்.

அந்தச் சந்தில் எனக்கு முன்பே நான்கு மைக்குகள் வந்திருந்தன. வேறொரு யூடியூப் சேனலில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்த தினேஷும் நின்றான். உடல் இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை. ஷாமியானா மட்டும் போட்டிருந்தார்கள். யாரோ ஒரு நிருபர் விக்னேஷின் அம்மாவிடம், "இப்போ உங்க மனநிலை எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். அந்தம்மா அவர் கையில் இருந்த மைக்கையே பார்த்தார், அது என்ன பொருள் என்று தெரியாதவர் மாதிரி.

நான் பின்பக்கம் போனேன். பிளஸ் டூ படிக்கும் தங்கை கௌசல்யா துணி துவைக்கிற கல்லின் மேல் தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் போட்டோ என்ற வார்த்தையைச் சொல்லவே ஐந்து நிமிடம் ஆனது. அவள் தன் மொபைலைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள். ஒன்றில் தலை சீவவில்லை, வேண்டாம் என்றாள். இன்னொன்றில் கண் மூடியிருந்தது. பொங்கலுக்கு எடுத்த ஒன்றில் நின்றாள். அதை எனக்கு அனுப்பிவிட்டுச் சொன்னாள்: "இதுல நல்லா சிரிச்சிருப்பான்கா. இதையே போடுங்க."

தலைப்பு

ஸ்டேஷன் ஏட்டையாவிடம் ஃபோனில் கேட்டேன். கூடப் போன பையன் பாசியில் வழுக்கி ஆழத்துக்குப் போய்விட்டான், அவனைக் காப்பாற்ற விக்னேஷ் குதித்திருக்கிறான், நண்பன் பிழைத்துக்கொண்டான், இவன் போய்விட்டான் என்றார். அதைத்தான் எழுதினேன். அப்படியே அனுப்பிவிட்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தேன். நல்ல பையன் என்றாவது ஊருக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன்.

ஆபீஸ் படியேறும்போதே திரையில் அந்தச் சிரித்த முகம் தெரிந்தது. அதன் மேல், "ரீல்ஸ் மோகம்! குவாரிக் குட்டையில் பறிபோன வாலிபர் உயிர்!" எண்கள் அன்றைக்கு மாதிரி ஓடி நான் பார்த்ததில்லை. என் செய்தியில் ரீல்ஸ் என்ற வார்த்தையே கிடையாது. இன்னொரு சேனல் அப்படிப் போட்டுவிட்டது, அது எங்கும் பரவிவிட்டது, நாமும் அப்படிப் போடாவிட்டால் யாரும் திறக்க மாட்டார்கள் என்றார் பிரியா அக்கா. கீழே கருத்துகள் குவிந்துகொண்டிருந்தன. "நல்லா வேணும்." "பெத்தவங்களைச் சொல்லணும்." ஒருவர் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்.

நான் அழுதுகொண்டே சண்டை போட்டேன். பிரியா அக்கா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. "தலைப்பு வைக்கிறவங்க துக்க வீட்டுக்குப் போறதில்ல பியூலா. போய்ட்டு வந்தா வைக்க முடியாது."

கௌசல்யாவின் ஃபோன்

படம் கேட்கும்போது என் நம்பரைக் கொடுத்திருந்தேன். மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்த பிறகு கௌசல்யா கூப்பிட்டாள். "அக்கா, நீங்கதானே எழுதுனது?" என்றாள். நம் தொழிலில் எல்லோரும் தயாராக வைத்திருக்கும் பதில் என் வாயிலும் வந்தது. "தலைப்பு நான் வைக்கலம்மா." சொல்லி முடித்ததும் எனக்கே அசிங்கமாக இருந்தது. தலைப்பு ஒருவர், செய்தி ஒருவர், படம் ஒருவர் என்று பிரித்துக்கொள்வதெல்லாம் எங்கள் கணக்கு. அவள் வீட்டுக்கு வந்து படம் வாங்கிப் போனது நான் ஒருத்திதான்.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். நடந்ததை மட்டும் சொன்னாள். துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லோரும் அம்மாவிடம், "ரீல்ஸ் எடுக்கப் போனானாமே?" என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார்களாம். கம்பெனியிலிருந்து வந்த மேஸ்திரி, "ஃபோன் பைத்தியம் யாரைத்தான் விட்டுச்சு" என்று சொல்லிவிட்டு மாலை போட்டாராம். அம்மா இப்போது யார் வந்தாலும் உள் அறைக்குப் போய்விடுகிறார். ஸ்டேஷனில் விக்னேஷின் ஃபோனைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். சட்டையில் சுற்றிக் கரையில் கிடந்ததாம்.

பிறகு அவள் சொன்னாள்: "அதுல கேமராவே உடைஞ்சு ஆறு மாசம் ஆகுதுக்கா. போட்டோ எடுக்கணும்னா என் ஃபோனைத்தான் கேப்பான்."

ஆராதனை முடிந்த பிறகு

ரவி சாரிடம் திருத்தம் போடச் சொல்லிக் கேட்டேன். ஏட்டு வாயால் சொன்னது போதாது, நாளைக்கு அவரே மாற்றிச் சொன்னால் என்ன செய்வாய், கூட இருந்த பையனைப் பேச வை என்றார். ஏட்டு அதற்குப் பிறகு என் ஃபோனை எடுக்கவே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன். எங்கள் பக்கம் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். ஜெபத்தில் மனம் நிற்கவில்லை.

ஆராதனை முடிந்து வாலிபர் கூட்டம். அதை நடத்தும் ஆன்ட்டி எனக்கு ஞாயிறு பள்ளியில் வசனம் சொல்லிக் கொடுத்தவர். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதல் ஆளாகச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறவர். அன்றைக்கு அவர் மொபைலைத் தூக்கிக் காட்டி, "இந்தத் தம்பியைப் பாருங்க" என்று ஆரம்பித்தார். விக்னேஷ் சிரித்துக்கொண்டிருந்தான். எங்கள் தளத்தின் பெயர் மூலையில் தெரிந்தது. ஒரு வீடியோவுக்காக உயிரை விடலாமா, பெற்றோரின் கண்ணீர் என்ன ஆகும் என்று பேசினார். இருபது பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். பாதியில் நான் எழுந்துவிட்டேன். ஆன்ட்டி, அது பொய், அந்தப் பையன் இன்னொருத்தனைக் காப்பாற்றப் போய்ச் செத்தான், அந்த வீட்டுக்குப் போனவள் நான்தான் என்றேன்.

ஆன்ட்டி என்னைத் தோளோடு அணைத்துக்கொண்டார். உண்மையான அன்போடுதான் சொன்னார்: "சரிம்மா, தப்பாவே இருக்கட்டும். பிள்ளைங்களுக்கு நல்ல பாடம்தானே?"

கேமராவை இறக்கிய பிறகு

பிழைத்த பையனின் பெயரை இங்கே எழுத மாட்டேன். அப்படி வாக்குக் கொடுத்திருக்கிறேன். நானும் சேகர் அண்ணாவும் அவன் வீட்டுக்கு மூன்று முறை போனோம். முதல் முறை வீட்டில் இல்லை என்றார்கள். இரண்டாவது முறை கதவே திறக்கவில்லை. மூன்றாவது முறை அவன் அப்பா வாசலை மறித்து நின்றார். "எம்புள்ள பேசுனா போனவன் வந்துடுவானா? கேஸு, ஸ்டேஷன்னு இவனையும் இழுத்துகினு போவீங்க. போங்கம்மா" என்றார். அவரையும் குறை சொல்ல முடியவில்லை. ஒரு வாரமாக அந்தப் பையன் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

சேகர் அண்ணா கேமராவைத் தோளிலிருந்து இறக்கிப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். "சார், இது வேலைக்காவாது. மூடிட்டேன், பாருங்கோ. பொண்ணு சும்மா ரெண்டு வார்த்த பேசிட்டுப் போவட்டும்" என்றார். அப்பா யோசித்துவிட்டு நகர்ந்தார். பையன் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். நான் தரையில் உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கல்லூரியில் கேள்வி கேட்கத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சும்மா உட்கார யாரும் சொல்லித் தரவில்லை. வெகுநேரம் கழித்து அவனாகவே பேசினான். ஃபோன், வீடியோ எதுவும் கிடையாது. வெயில், குளிக்கலாம் என்று இறங்கினார்கள். இவனுக்கு நீச்சல் தெரியாது. விக்னேஷுக்கும் அரைகுறைதான். கரைப் பக்கம் இவனை ஒரு தள்ளு தள்ளிவிட்டு அவன் ஆழத்துக்குள் போய்விட்டான்.

பேரைப் போடக் கூடாது, ஆனால் நடந்ததைப் போடலாம் என்று தலையசைத்தான். நான் எழுந்தபோது என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "நான் கத்திக் கூப்ட்டேன்கா. கூப்டாம இருந்திருந்தா அவன் வந்திருக்க மாட்டான்."

திருத்தம்

ரவி சாரை நான் வில்லனாக்கப் போவதில்லை. நான் சொன்னதையெல்லாம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். "மூணு வரி எழுதிக் கொடு" என்றார். மூன்று வரி எழுத எனக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் பிடித்தது. 'கல்குவாரிக் குட்டையில் இறந்த விக்னேஷ், நீரில் தத்தளித்த நண்பரைக் காப்பாற்றும் முயற்சியிலேயே உயிரிழந்தார். அவர் வீடியோ எடுக்கச் சென்றதாக நாம் வெளியிட்டது தவறு. அவருடைய குடும்பத்தாரிடம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறோம்.' அவ்வளவுதான். ஒரு எழுத்துகூட மாற்றாமல் அவரே ஏற்றினார். பழைய தலைப்பையும் எடுத்துவிட்டார்.

நாங்கள் நால்வரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அன்றைக்கு ஒரு நடிகரின் விவாகரத்துச் செய்தி மேலே ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் மூன்று வரி எங்கேயோ அடியில் கிடந்தது. படித்தவர்களின் எண்ணிக்கை வெகுநேரம் நான்கிலேயே நின்றது. அந்த நான்கு பேரும் யார் என்று எங்களுக்குத் தெரியும். பழைய செய்தியை எடுத்துவிட்டாலும் அதன் படம் ஆயிரம் குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்தது. அதைத் துரத்திப் பிடிக்க யாராலும் முடியாது.

ரவி சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். "பேப்பர்ல இருந்தப்போ திருத்தம் போட ஒரு மூலை வெச்சிருந்தோம்மா. தேடிப் படிக்கிறவன் அங்க வந்து படிப்பான். இங்க மூலையே கிடையாது."

கூறப்படுகிறது

தினேஷ் இரண்டு வாரமாகக் கல்லூரிக்கு வரவில்லை. ஃபோனும் எடுக்கவில்லை. ஒரு சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் எதிரே வந்தான். தாடி வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தான், ஆனால் கூட்டம் அவனை என் பக்கமே தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. ஓரமாக நின்றோம். கீழே மின்சார ரயில் வந்து நின்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. பயிற்சியை விட்டுவிட்டதாகச் சொன்னான். ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனிக்குக் கன்டென்ட் எழுதப் போகிறானாம். மெத்தை, தலையணை பற்றி.

"ஏண்டா? நீதானே முதல்ல கை தூக்குனே?" என்று கேட்டேன். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழேயே பார்த்தான். அந்த ரீல்ஸ் செய்தியை முதலில் போட்டது அவன் சேனல். எழுதியது அவன்தான். துக்க வீட்டுச் சந்தில் நாங்கள் நின்றபோது யாரோ ஒரு ஆள், இந்தக் காலத்துப் பசங்க, ரீல்ஸ் எடுக்கத்தான் போயிருப்பானுங்க என்று சொன்னாராம். அவர் யார் என்றுகூட இவன் கேட்கவில்லை. ஆபீஸில் அவசரப்படுத்தினார்கள், எழுதிவிட்டான். எங்கள் திருத்தத்தைப் படித்த பிறகுதான் அவனுக்கு உண்மை தெரிந்திருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு தன் ஆசிரியரிடம் போனானாம். அவர் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கவில்லையாம். மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே நெறிமுறைப் பாடத்தை ஒரே புத்தகத்தில் பங்குபோட்டுப் படித்தவர்கள் நாங்கள்.

போகும்போது என்னிடம் நியாயம் கேட்பவன் மாதிரி சொன்னான்: "நான் 'கூறப்படுகிறது'ன்னுதான் போட்டிருந்தேன் பியூலா. அந்த ஒரு வார்த்தையை எடுத்துட்டாங்க."

புது வாசிப்பாளர்

என் பயிற்சி முடிகிற மாதம் ஆபீஸுக்கு ஒரு மென்பொருள் வந்தது. எழுதிக் கொடுத்தால் கோட் போட்ட ஒரு பெண் தானாகவே தோன்றி வாசிப்பாள். நிஜத்தில் அப்படி ஒரு பெண் கிடையாது. சாவுச் செய்தியானாலும் சமையல் குறிப்பானாலும் ஒரே புன்னகை. நிருபர்கள் மொபைலிலேயே படம் பிடித்துக்கொள்ளலாம், தனியாகக் கேமராமேன் தேவையில்லை என்று முடிவானது. ரவி சார் அதைச் சேகர் அண்ணாவிடம் சொல்ல முடியாமல் இரண்டு நாள் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் சேகர் அண்ணாவே புரிந்துகொண்டு, அலமாரிச் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டார்.

கீழே வரைக்கும் கூட வந்தேன். அடுத்து என்ன அண்ணா என்றேன். கல்யாண வீடியோ ஒன்றிரண்டு வரும், பார்க்கலாம் என்றார். வண்டியைக் கிளப்பியவர் நிறுத்தி, வலது தோளைத் தேய்த்துக்கொண்டு சிரித்தார். "இத்தினி வருசம் வெயிட்ட வெச்சிகினே நடந்தனா, இப்போ சும்மா நடந்தா ஒரு பக்கமா இஸ்துகினு போவுது பாப்பா."

மூன்று வரி

பயிற்சி முடிந்த மறுநாள் அந்தத் திருத்தத்தைக் கொட்டை எழுத்தில் பிரின்ட் எடுத்துக்கொண்டு வேங்கைவாசலுக்குப் போனேன். கையில் வேறு என்ன கொண்டுபோவது என்று தெரியவில்லை. கௌசல்யா பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். என்னை உள்ளே கூப்பிடலாமா என்று அவள் யோசித்தது தெரிந்தது. அதற்குள் அவள் அம்மா உள் அறையிலிருந்து வந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிற வேலை அவருக்கு; எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்து, படிக்கச் சொன்னார். நான் வாயைத் திறந்தபோது, இரு என்று கை காட்டினார். வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுப் பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். குழாயடியில் நின்றவர்களும் வந்தார்கள். ஏழெட்டுப் பேர் இருக்கும். குடத்தை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றார்.

கல்லூரி மேடையில் எத்தனையோ முறை செய்தி வாசித்துக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அந்த மூன்று வரியை ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தித்தான் வாசித்தேன். "நண்பரைக் காப்பாற்றும் முயற்சியிலேயே" என்ற இடத்தில் கௌசல்யா அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். முடித்தேன். அந்தம்மா, "இன்னொரு தபா படி" என்றார். படித்தேன். குடம் வைத்திருந்த பெண் குடத்தைக் கீழே இறக்கிவிட்டு அந்தம்மாவிடம் வந்து, "நானும் அன்னிக்கு உன்னாண்ட அப்படித்தான்கா கேட்டேன்" என்று சொல்லி அழ ஆரம்பித்தார். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அந்தம்மா அழவில்லை. தாளை வாங்கி நான்காக மடித்துச் சுவரில் மாலை போட்டிருந்த படத்துக்குப் பின்னால் செருகினார். பிறகு என்னைப் பார்த்துத் திட்டாமல், சத்தம் போடாமல், நிஜமாகவே விளங்காமல் கேட்டார்: "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா?"

ஆக, மூன்று வருடம் படித்து ஆறு மாதம் அலைந்து நான் எழுதியதில் ஒரு எழுத்து விடாமல் கேட்கப்பட்டது அந்த மூன்று வரிதான், அதையும் நானே வீடு தேடிப் போய் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது.